எண்பது வருஷம் இழுத்த ஒரு வானப் ப்ராஜெக்ட்

(டிஸ்கி: பதிவு கொஞ்சம் நீளம். காபியோட உட்காருங்க மக்களே. கணக்கு வரும், ஆனா எட்டாங்கிளாஸ் கணக்குதான் :-))

1887 ஏப்ரல் மாசம், பாரீஸ். பல நாடுகள்ல இருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட வானியலாளர்கள் ஒரு மாநாட்டுக்கு வந்து ஒரு ப்ராஜெக்டுக்கு ஒத்துக்கறாங்க. ஸ்கோப் ரொம்ப சிம்பிள்: மொத்த வானத்தையும் போட்டோ எடுக்கணும், அதுல இருக்கிற நட்சத்திரங்களோட இடத்தை அளந்து புத்தகமா அச்சடிக்கணும். எஸ்டிமேட்? பத்துப் பதினஞ்சு வருஷத்துல முடிஞ்சுடும்னு நம்பினாங்க.

கடைசித் தொகுதிகள் அச்சாகி வந்தப்போ 1960கள். அதை மேற்பார்வை பார்த்த சர்வதேச வானியல் சங்கத்தோட கமிஷனைக் கலைச்சது 1970ல. அதுலயும் பாதிதான் முடிஞ்சது, மீதிப் பாதியை அப்படியே கைவிட்டுட்டாங்க. ஐ.டி.யில இருக்கறவங்களுக்கு இந்தக் கதை எங்கயோ கேட்ட மாதிரி இருக்குமே? எனக்கும்தான்.

அந்த ப்ராஜெக்ட் பேரு 'கார்த் து சியேல்'. பிரெஞ்சுல 'வானத்தின் வரைபடம்'னு அர்த்தம். இதை ஒரு மாபெரும் தோல்வின்னு எழுதினவங்க நிறைய. அந்தத் தீர்ப்புல பாதிதான் சரின்னு எனக்குத் தோணுது. ஏன்னு சொல்றேன்.

போட்டோவுக்கு முன்னாடி

முதல்ல, அதுக்கு முன்னாடி எப்படிப் பண்ணினாங்கன்னு பார்த்துடலாம். ஜெர்மனியில பான் நகரத்துல ஆர்கலாண்டர் என்கிற வானியலாளர், 1852லிருந்து 1859 வரைக்கும் உட்கார்ந்து வடக்கு வானத்தைக் கண்ணாலயே பட்டியல் போட்டார். வெறும் 78 மில்லிமீட்டர் விட்டமுள்ள சின்ன டெலஸ்கோப். வானம் நகர நகர, ஒவ்வொரு நட்சத்திரமும் குறிப்பிட்ட கோட்டைத் தாண்டும்போது நேரத்தையும் வெளிச்சத்தையும் சொல்லச் சொல்ல, உதவியாளர் எழுதிக்கணும். இப்படி 3,24,198 நட்சத்திரங்கள். நினைச்சாலே கண்ணு வலிக்குது.

அப்புறம் 1882ல ஒரு பெரிய வால்நட்சத்திரம் வந்தது. தென்னாப்பிரிக்காவுல நன்னம்பிக்கை முனையில இருந்த டேவிட் கில் அதைப் போட்டோ எடுத்தார். கழுவிப் பார்த்தா வால்நட்சத்திரத்தைச் சுத்தி ஏகப்பட்ட நட்சத்திரங்களும் விழுந்திருந்தது. "அட, எதுக்குக் கண்ணைக் கெடுத்துக்கணும், தட்டே எழுதிக்குமே" என்கிற யோசனை அங்கேதான் வலுப்பெற்றது. கில் தெற்கு வானத்தைப் படமெடுக்க, நெதர்லாந்துல காப்டைன் அந்தத் தட்டுகளை அளந்து 4,54,875 நட்சத்திரங்களுக்குப் பட்டியல் போட்டார்.

அதே நேரத்துல பாரீஸ்ல பால், ப்ராஸ்பெர்னு ஹென்றி சகோதரர்கள் நட்சத்திரப் போட்டோவுக்காகவே ஒரு டெலஸ்கோப் செஞ்சு அசத்திக்கிட்டிருந்தாங்க. பாரீஸ் வானாய்வகத்தோட இயக்குநர் மூஷே. கில்லும் மூஷேயும் கடிதம் எழுதிக்கிட்டாங்க. விளைவு, 1887 மாநாடு.

பிளான் போட்ட விதம்

இங்கேதான் எனக்கு இந்த ஆட்கள் மேல மரியாதை வந்தது.

முதல் முடிவு: எல்லாரும் ஒரே மாதிரி டெலஸ்கோப் வச்சுக்கணும். ஹென்றி சகோதரர்களோட மாடல்தான் தரநிலை. லென்ஸ் 33 சென்டிமீட்டர், குவியத் தூரம் சுமார் 3.43 மீட்டர். ஏன் அந்த நம்பர்? ஒரு டிகிரியை அறுபதாப் பிரிச்சா ஒரு ஆர்க் நிமிடம். 3.43 மீட்டர் குவியத் தூரம் இருந்தா, வானத்துல ஒரு ஆர்க் நிமிடம் தட்டுல கிட்டத்தட்ட சரியா ஒரு மில்லிமீட்டர். ஸ்கேலை வச்சுப் பார்த்தாலே கணக்கு மனசுல ஓடிடும்!

இரண்டாவது: எத்தனை தட்டு வேணும்? ஒரு தட்டுல இரண்டு டிகிரிக்கு இரண்டு டிகிரி சதுரம், அதாவது 4 சதுர டிகிரி. மொத்த வானம் 41,253 சதுர டிகிரி. வகுத்தா பத்தாயிரத்துச் சொச்சம். ஆனா ஒரே ஒரு தட்டை நம்பக் கூடாதுன்னு, ஒவ்வொரு நட்சத்திரமும் குறைஞ்சது இரண்டு தட்டுல வரணும்னு வச்சாங்க. ஒரு தட்டோட மூலை, அடுத்த வரிசைத் தட்டோட நடு மத்தியில வர்ற மாதிரி அடுக்கு. சுவருக்குச் செங்கல் வைக்கிற மாதிரின்னு வச்சுக்கங்க. ஆக மொத்தம் சுமார் 22,000 தட்டுகள்.

மூன்றாவது, கோளத்தைச் சதுரத்தால மூடுற தலைவலி. வான நடுக்கோட்டுல ஒரு சுத்து சுத்த 360ஐ இரண்டால வகுத்தா 180 தட்டு. 60 டிகிரி மேல போனா அந்த வட்டம் பாதியாச் சுருங்கிடும், 90 தட்டு போதும். 80 டிகிரியில முப்பத்துச் சொச்சம்தான். அதனால வானத்தை ஆரஞ்சுப் பழத்தைக் கிடைமட்டமா வெட்டுற மாதிரி பட்டைகளா வெட்டி, பட்டைக்கு ஒரு வானாய்வகம்னு பிரிச்சாங்க. வட துருவம் கிரீன்விச்சுக்கு, அதுக்குக் கீழே வாடிகனுக்கு, நடுவுல பாரீஸ், ஆக்ஸ்ஃபோர்டு, நடுக்கோட்டுக்கிட்ட அல்ஜியர்ஸ், தெற்கே நன்னம்பிக்கை முனை, சிட்னி, தென் துருவம் மெல்பர்னுக்கு. முதல்ல 18 இடங்கள், பிற்பாடு கைமாறிக் கைமாறி 20 ஆச்சு.

நான்காவது ஒரு சின்ன தந்திரம். தட்டுல தூசி விழுந்தா அதுவும் நட்சத்திரம் மாதிரிதான் தெரியும். என்ன பண்றது? வரைபடத் தட்டுகள்ல டெலஸ்கோப்பைத் துளித் துளி நகர்த்தி மூணு தடவை படம் எடுத்தாங்க. அசல் நட்சத்திரம்னா மூணு புள்ளி, ஒரு குட்டி முக்கோணம். தூசின்னா ஒத்தைப் புள்ளி. அவ்வளவுதான், டேட்டா வேலிடேஷன் முடிஞ்சது! அதோட தட்டைக் கழுவறதுக்கு முன்னாடியே அதுமேல 5 மில்லிமீட்டர் இடைவெளியில கட்டம் போட்டுப் பதிச்சுடுவாங்க. பிற்பாடு ஜெலட்டின் படலம் சுருங்கினாலும் நீண்டாலும் கட்டத்தை வச்சுக் கண்டுபிடிச்சுடலாம்.

வேலை இரண்டு பிரிவு. ஒண்ணு அட்டவணை: 11ஆம் வெளிச்ச அளவு வரைக்கும் உள்ள நட்சத்திரங்களை அளந்து எண்ணா அச்சடிக்கிறது. இன்னொண்ணு வரைபடம்: இன்னும் மங்கலா, 14ஆம் அளவு வரைக்கும் நீண்ட நேரம் படமெடுத்து, செப்புத் தகட்டுல செதுக்கி அழகான காகிதப் படமா வெளியிடறது.

அளந்தவங்க யாரு?

படம் எடுக்கறது சுலபம். அளக்கறதுதான் வேலை. மைக்ராஸ்கோப்புல குனிஞ்சு, கட்டத்துக்குள்ள ஒவ்வொரு புள்ளியோட எக்ஸ், ஒய் எவ்வளவுன்னு படிக்கணும். ஒரு தட்டுல நூத்துக்கணக்குல புள்ளிகள் இருக்கும்.

பாரீஸ்ல 1892ல இதுக்குன்னு ஒரு அளவைப் பிரிவு ஆரம்பிச்சு, டோரத்தியா க்ளும்ப்கே என்கிற பெண் வானியலாளரைத் தலைவியாப் போட்டாங்க. பல இடங்கள்ல அளக்கிற வேலை பெண்களோடதுதான், குறைஞ்ச சம்பளம். வாடிகன்ல சம்பளப் பேச்சே இல்லாம கன்னிகாஸ்திரீகள் கிட்ட கேட்டாங்க. எமிலியா பொன்ஸோனி, ரெஜினா கொலம்போ, கொன்செத்தா ஃபினார்தி, லூயிஜியா பன்செரின்னு நாலு சகோதரிகள், 1910லிருந்து 1921 வரைக்கும் 4,81,215 நட்சத்திரங்களை அளந்தாங்க. அவங்க பேர் உலகத்துக்குத் தெரிய வந்தது 2016லதான். பதினோரு வருஷ உழைப்புக்கு நூறு வருஷம் கழிச்சு ஒரு கிரெடிட் லைன்.

நம்ம நாட்டுக்கும் இதுல பங்கு உண்டு. தென் அமெரிக்காவுல சாண்டியாகோ வானாய்வகம் தன்னோட பட்டையை முடிக்க முடியாம விட்டுடுச்சு. மைனஸ் 17லிருந்து மைனஸ் 23 டிகிரி வரைக்கும் அந்தப் பட்டை யாருக்குப் போச்சு தெரியுமா? ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்துக்கு! நவாப் ஜாஃபர் ஜங் என்கிற பிரபு வானியல் ஆசையில 1901ல சொந்தக் காசுல டெலஸ்கோப் வாங்கி ஆரம்பிச்சது. அவர் காலத்துக்கப்புறம் நிஜாம் அரசாங்கம் எடுத்து பேகம்பேட்டைக்கு மாத்தியது. சாட்வுட், பொக்காக்னு இரண்டு இங்கிலீஷ்காரங்களுக்குப் பிறகு டி.பி. பாஸ்கரன் 1918ல பொறுப்புக்கு வந்து 1944 வரைக்கும் இருந்தார். சாண்டியாகோ பட்டையோட, ஜெர்மனியின் போட்ஸ்டாம் பாதியில விட்ட பட்டையிலும் ஒரு பங்கை அவங்க எடுத்துக்கிட்டாங்க. மொத்தம் 12 தொகுதிகள், ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள். பணக்கார நாடு கைவிட்டதையும் சேர்த்து ஒரு சமஸ்தானம் முடிச்சுக் காட்டியிருக்கு. இதை நம்ம பாடப் புத்தகத்துல எங்கேயும் நான் படிச்சதில்லை.

எங்கே சறுக்கினாங்க

இப்ப மறுபக்கம். முதல் சறுக்கல், அந்தச் செப்புத் தகட்டு வரைபடம். பயங்கரச் செலவு. நிறைய வானாய்வகங்களால தாங்க முடியல. மூஷே 1892லயே காலமாயிட்டார். அப்புறம் உலகப் போர். சில இடங்கள்ல அரசாங்கம் காசை நிறுத்தியது, சில இடங்கள்ல ஆளே இல்லை. வரைபடம் பாதியிலேயே நின்னுபோச்சு.

இரண்டாவது, இது ரொம்ப முக்கியம், ஒரு தலைமுறை வானியலாளர்களை இது அப்படியே கட்டிப் போட்டுடுச்சு. ஐரோப்பாவுல பெரிய வானாய்வகங்கள் தட்டு எண்ணிக்கிட்டு இருந்தப்போ, அமெரிக்காவுல ஹார்வர்டு இயக்குநர் பிக்கரிங் வேற பிளான் போட்டார். துல்லியம் கொஞ்சம் கம்மியானாலும் பரவாயில்லை, அகலமான லென்ஸ், அதே வானத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுன்னார். பெருவுல அரெக்கிப்பாவுலயும் ஒரு கிளை போட்டார். வருஷக்கணக்குல சேர்ந்தது ஐந்து லட்சம் தட்டுகள். திரும்பத் திரும்ப எடுத்ததாலதான் ஹென்ரியட்டா லீவிட் வெளிச்சம் கூடிக் குறையற நட்சத்திரங்களைக் கண்டுபிடிச்சு, 1912ல அவற்றின் துடிப்புக் காலத்துக்கும் அசல் வெளிச்சத்துக்கும் உள்ள உறவை வெளியிட்டார். அதை வச்சுத்தான் ஹப்பிள் பின்னால ஆண்ட்ரோமெடா எவ்வளவு தூரம்னு அளந்தார்.

பாரீஸ் பிளான்ல காலம் என்கிற அச்சே இல்லை. ஒரு தடவை எடு, அளந்து வை, முடிஞ்சது. பிக்கரிங் பிளான்ல காலம்தான் பிரதானம். ஒரே வானம், ஒரே வகைத் தட்டு. ஆனா பிளான் போடும்போது என்ன கேள்வி கேட்டாங்க என்கிறதுதான் வித்தியாசம். இதனாலதான் கார்த் து சியேலைத் தோல்வின்னு சொல்றாங்க. இந்தப் பாதியை நான் ஒத்துக்கறேன்.

ஒத்துக்க முடியாத மீதிப் பாதி

254 தொகுதிகளா அச்சான அந்த அட்டவணையைத் திறந்தா ஒரு விசித்திரம். நட்சத்திரத்தோட வான முகவரியை, அதாவது வல ஏற்றம், நடுவரை விலக்கம் இரண்டையும், நேரடியாப் போட்டிருக்க மாட்டாங்க. தட்டுல அளந்த எக்ஸ், ஒய் மட்டும்தான். கூடவே, அதை வான முகவரியா மாத்தத் தேவையான எண்கள். தேவைன்னா நீங்களே கணக்குப் போட்டுக்கங்க!

ஏன் இப்படி? தீர்க்கதரிசனம்னு எல்லாம் கதை விட மாட்டேன். லட்சக்கணக்குல நட்சத்திரங்களுக்குக் கையால அந்தக் கணக்கைப் போடறது மலையைப் புரட்டுற வேலை. அதை மிச்சப்படுத்தினாங்க. இதனாலயே அட்டவணையைப் பல பத்து வருஷம் யாரும் சீண்டல. யூசர் ஃப்ரெண்ட்லி இல்லை பாருங்க.

காட்சி மாறுது. 1989ல ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ஹிப்பார்கஸ் செயற்கைக்கோளை அனுப்பியது. 1993 வரைக்கும் வேலை செஞ்சு நட்சத்திரங்களோட இடத்தை அபாரத் துல்லியத்தோட அளந்தது. ஆனா நட்சத்திரங்கள் நகருதே! ரொம்ப ரொம்ப மெதுவா. மூணரை வருஷ டேட்டாவை மட்டும் வச்சு, மங்கலான லட்சக்கணக்கான நட்சத்திரங்களோட வேகத்தைச் சொல்றது கஷ்டம். பழைய இடம் தெரியணும், எவ்வளவு பழசோ அவ்வளவு நல்லது.

பழைய இடம் யார்கிட்ட இருக்கு? நூலக அலமாரியில, 254 தொகுதியா.

1987லிருந்து 1994 வரைக்கும் மாஸ்கோவுல ஸ்டெர்ன்பெர்க் வானியல் நிறுவனத்துல உட்கார்ந்து அச்சடிச்ச அந்த எண்களைக் கம்ப்யூட்டர்ல ஏத்தினாங்க. அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்துல ஷான் அர்பன் குழு புதுசா கணக்குப் போட்டது. எக்ஸ், ஒய் மட்டும் அப்படியே இருந்ததாலதான் இது முடிஞ்சது. 1900களின் ஆரம்பத்துல கிடைச்ச பிழையான ஆதார நட்சத்திரங்களைத் தூக்கிப் போட்டுட்டு, ஹிப்பார்கஸ் குடும்பத்தோட துல்லியமான ஆதார நட்சத்திரங்களை வச்சு மறுபடியும் மாத்திக்கிட்டாங்க. முகவரியை மட்டும் அச்சடிச்சிருந்தா, அந்தக் காலப் பிழையும் அதுக்குள்ளயே கலந்து போயிருக்கும், பிரிக்கறது பெரும்பாடு. கிடைச்சது 46 லட்சம் நட்சத்திரங்களோட பழைய இடம். சராசரி ஆண்டு 1907.

இப்ப எட்டாங்கிளாஸ் கணக்கு. அந்தப் பழைய இடத்துல பிழை சுமார் 0.2 ஆர்க் விநாடின்னு வைங்க. செயற்கைக்கோள் அளந்தது 1991 வாக்குல. இடைவெளி 84 வருஷம். 0.2ஐ 84ஆல வகுங்க. வருஷத்துக்கு 0.0024 ஆர்க் விநாடி. பிழை கிட்டத்தட்டக் கரைஞ்சே போச்சு! காத்திருந்த காலமே துல்லியமா மாறிடுச்சு. இதையும் நூத்துச் சொச்சம் பழைய அட்டவணைகளையும் சேர்த்து 2000ல வந்ததுதான் டைக்கோ-2. 25 லட்சம் நட்சத்திரங்களோட இடமும் வேகமும். பல வருஷம் உலக வானாய்வகங்கள் அதைத்தான் பயன்படுத்தின. 2018ல கையா செயற்கைக்கோளோட இரண்டாம் வெளியீடு நூறு கோடிக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களுக்கு வேகம் சொல்லி அதை மிஞ்சும் வரைக்கும் அந்த நாலு சகோதரிகளும் பேகம்பேட்டை ஆட்களும் டியூட்டியில இருந்தாங்கன்னுதான் நான் சொல்வேன்.

இன்னைக்கு எப்படி பிளான் போடறாங்க

இந்தப் பாடத்தைப் பின்னால வந்தவங்க நல்லாவே படிச்சிருக்காங்க. 2000ல முறையா வேலையை ஆரம்பிச்ச ஸ்லோன் சர்வேயை எடுத்துக்கங்க. அலுமினியத் தகட்டுல 640 ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஒரு இழைன்னு கையால சொருகி, ஒரே நேரத்துல 640 நிறமாலை எடுத்தாங்க. இரண்டு இழைகள் 55 ஆர்க் விநாடிக்குள்ள பக்கத்துல வர முடியாது. அதனால எந்த வட்டத்தை எங்கே வச்சா அதிகபட்ச காலக்ஸி சிக்கும்னு புரோகிராம் எழுதித்தான் வானத்துல வட்டம் போட்டாங்க. மூஷேயோட சதுரத் தலைவலி, இப்போ வட்டமா.

டேட்டாபேஸ் பக்கம் ஜிம் கிரே வந்தார். நம்ம துறைக்காரங்களுக்கு இவரைத் தெரியாம இருக்காது, 1998ல டியூரிங் விருது வாங்கினவர். 2007ல தனியாப் படகுல போய்க் கடல்ல காணாமப் போயிட்டார், பாவம். அவரும் அலெக்ஸ் சாலேயும் டேட்டாபேஸ் வடிவமைக்க வச்ச வழி அருமை. 'நீங்க கேட்க விரும்பற இருபது கேள்விகள் என்ன?' அந்த இருபதுக்கும் பதில் வர்ற மாதிரி முதல்ல கட்டு. 1887ல யாராவது இந்த இருபது கேள்வியைக் கேட்டிருந்தா, செப்புத் தகட்டை முதல் நாளே தூக்கியிருப்பாங்க.

சிலியில இருக்கிற ரூபின் வானாய்வகம் இன்னும் ஒரு படி மேல. 3,200 மெகாபிக்சல் கேமரா, ராத்திரிக்குச் சுமார் 20 டெராபைட், பத்து வருஷ பிளான். முதல் படங்கள் 2025 ஜூன்ல வந்தது. டெலஸ்கோப் கட்டி முடிக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே அந்தப் பத்து வருஷத்தையும் கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்த்துட்டாங்க. மேகம், நிலா, பராமரிப்பு நாள் எல்லாம் போட்டு, ஒரு தடவை இல்லை, நூத்துக்கணக்குல. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முழு வானத்தையும் முட்டை வடிவத்துல விரிச்சு, எந்த இடத்தை எத்தனை தடவை பார்ப்போம்னு நிறத்தால காட்டுற படம். அதைப் பார்த்தே 'இந்த மூலையில வெளுத்திருக்கே, இங்கே அடிக்கடி போகணும்'னு சண்டை போட்டுக்கலாம். பட்டை பிரிச்சுக் கொடுத்துட்டு எண்பது வருஷம் காத்திருக்க வேண்டாம். பிக்கரிங்கோட காலமும் உள்ளே வந்தாச்சு, ஒவ்வொரு இடத்துக்கும் பத்து வருஷத்துல எண்ணூறு தடவை வாக்குல.

ஆனா ஒண்ணு. இருபது கேள்வி எழுதினாலும் ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்தாலும், இருபத்தோராவது கேள்வியைக் கேக்கப் போறவர் இன்னும் பிறக்கல. அவருக்கு நாம எழுதி வைக்கிற விடை உதவாது, அளந்த அளவுதான் உதவும். 1907ல அந்த எக்ஸையும் ஒய்யையும் குறிச்சவங்களுக்குச் செயற்கைக்கோள்னா என்னன்னே தெரியாது. ஒழுங்கா அளந்தாங்க, அளந்ததை அப்படியே வச்சுட்டுப் போனாங்க.

பிளான் தோத்துச்சு, டேட்டா ஜெயிச்சுதுன்னு நான் சொல்றேன். இல்லை, ஒரு தலைமுறையைத் தட்டு எண்ண வச்சதுக்கு இது ஈடாகாதுன்னு நீங்க நினைச்சா, பின்னூட்டத்துல வந்து திட்டுங்க. அதுலயும் நியாயம் இருக்குன்னு எனக்குத் தெரியும் :-)